அடக்கலாகாத இரு வேகங்கள்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

சிறுவர் சிறுமியரின் நாட்டியத்தையும் இன்னிசையையும் சுவைத்து மகிழ்ந்திருக்கும் இவ்வவையில், சிறுநீரைப் பற்றிப் பேச எழுந்து நிற்கின்றோம். இத்தலைப்பை நாம் தெரிவித்தபொழுது செயற்குழு நண்பர்கள் சிலர் புன்முறுவல் பூத்தனர். ஒருவர், "தாய்மார்கள் அமர்ந்துள்ள சபையாயிற்றே" என்று கவலையுற்றார். தாய்மார்கள் அமர்ந்துள்ள சபை என்பதனாலேயே இதனைப் பேசத் துணிந்தோம். இந்நோய் பெரும்பாலும் அவர்களைத்தான் வருத்துகிறது. அதனைப் பற்றி வாய் திறவாதிருப்பதே நோய்க்கு நாம் அளிக்கும் முதல் உதவியாக இருக்கிறது.

நாம் மருத்துவர் அல்லோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் பதிவேடுகளோடு பழகி வருபவர். ஆயினும் பட்டறிவு என்னும் பள்ளியில் அண்மையில் ஒரு பாடம் கற்றோம். அதற்குரிய கட்டணத்தை எம் மகள் செலுத்தினாள். அவளிடம் கேட்டு, அவள் மனமார இசைந்த பின்னரே இதனை இங்கே கூறுகின்றோம். "சொல்லுங்கள் அப்பா, மற்றப் பிள்ளைகளுக்கு வராமல் இருக்கட்டும்" என்பது அவள் விடை.

அவள் எட்டாம் வகுப்பு மாணவி. நாள்தோறும் காலையில் அவள் பையில் ஒரு லிட்டர் தண்ணீர்க் குப்பி வைத்தனுப்புவது வழக்கம். மாலையில் அக்குப்பி ஏறக்குறைய நிறைந்தே திரும்பி வரும். எம் துணைவியார் அத்தண்ணீரைத் துளசிச் செடிக்கு ஊற்றிவிடுவார். குப்பி ஏன் நிறைந்து வருகிறதென்று நாங்கள் ஒரு நாளும் கேட்டோமில்லை. பள்ளியின் கழிப்பறைக்கு அவள் போவதே இல்லை என்பதை ஒரு நற்குணமாகவே எண்ணியிருந்தோம். "எங்கள் பெண் கண்ட இடத்திற்கெல்லாம் போகமாட்டாள்" என்று உறவினரிடம் பெருமையாகச் சொன்னதும் உண்டு.

சென்ற ஆண்டு ஒரு நாள் அவளுக்கு நீர்க்கடுப்பு கண்டது. வெயிற் சூடு என்று கருதி, கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவினோம். வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தோம். இரண்டாம் நாள் காய்ச்சல் வந்தது. அலமாரியில் முன்னொரு நோய்க்கு வாங்கி மிஞ்சிய மாத்திரைகள் நான்கு இருந்தன, அவற்றையும் கொடுத்தோம். நான்காம் நாள் இரவு குளிர் நடுக்கமும், வாந்தியும், முதுகின் வலப்புறத்தில் தாங்கொணா வலியும் தோன்றவே, மருத்துவமனைக்கு எடுத்துக்கொண்டு ஓடினோம். சிறுநீர்ப்பையில் தோன்றிய தொற்று சிறுநீரகத்திற்கு ஏறிவிட்டது என்றனர். ஐந்து நாள் நரம்பின் வழியே மருந்து செலுத்தினர்.

அங்கே பணிபுரிந்த வங்காள மருத்துவ அம்மையார் எம் மகளிடம் கேட்ட முதற் கேள்வி இதுவே: "பள்ளியில் இருக்கும்போது எத்தனை முறை சிறுநீர் கழிப்பாய், அம்மா?" அவள், "ஒரு முறையும் இல்லை" என்றாள். காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்படும் குழந்தை, பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்பும் வரை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அடக்குவது எளிதாகும்பொருட்டுத் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தியிருக்கிறாள். பெற்றோராகிய எமக்கு அது தெரியாது. அலுவலகத்தில் ஒரு ரூபாய் கணக்கு இடித்தாலும் இரவெல்லாம் தேடும் நாம், துளசிச் செடிக்குப் போன தண்ணீரைக் கணக்கில் எடுத்தோமில்லை.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். உடலில் தாமே எழும் இயற்கை உந்துதல்கள் பதினான்கினை வேகங்கள் என்று பெயரிட்டு, அவற்றை வலிந்து அடக்கலாகாது என்று சித்த மருத்துவம் விதித்துள்ளது. தும்மல், கொட்டாவி, பசி, உறக்கம், கண்ணீர் என்று விரியும் அப்பட்டியலில் சிறுநீரும் உண்டு, நீர்வேட்கையும் உண்டு. எம் மகள் அடக்கியவை இவ்விரண்டையுமே. இங்கு அமர்ந்துள்ள தாய்மார்களில் பலரும் ஆண்டுக்கணக்கில் அடக்கி வருபவை இவ்விரண்டையுமே. ஆதலின் இவ்விரு வேகங்களையே இன்றைய பேச்சின் பொருளாகக் கொண்டோம்.

முதலில், உடலினுள் நிகழ்வது யாது எனக் காண்போம். முதுகுப்புறத்தில், விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியை ஒட்டிச் சிறுநீரகங்கள் இரண்டும் அமைந்துள்ளன. அவை குருதியை வடிகட்டிச் சிறுநீரை உண்டாக்குகின்றன. அந்நீர் இரு மெல்லிய குழாய்களின் வழியே இறங்கிச் சிறுநீர்ப்பையில் சேர்கிறது. வளர்ந்தோரின் பை ஏறக்குறைய 400 முதல் 500 மில்லி லிட்டர் கொள்ளும். அங்கிருந்து நீர்த்தாரை வழியே வெளியேறுகிறது. இந்த நீர்த்தாரை ஆடவர்க்கு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளம். பெண்டிர்க்கோ 4 சென்டிமீட்டர் அளவே. அன்றியும் பெண்டிர்க்கு அதன் வாயில் மலவாய்க்கு மிக அருகில் உள்ளது. பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வாழ்நாளில் ஒரு முறையேனும் இந்நோயால் துன்புறுவதற்கு இவ்வமைப்பே முதற்காரணம். அவர்கள் ஒழுக்கத்திலோ தூய்மையிலோ குறை இருக்கிறதென்று எவரும் எண்ணலாகாது.

நோயை விளைக்கும் கிருமி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நம் குடலிலிருந்தே வருகிறது. 1885-ஆம் ஆண்டில் தியோடர் எஷெரிக் என்னும் குழந்தை மருத்துவர் குடற்கழிவில் ஒரு நுண்ணுயிரைக் கண்டறிந்தார். அவர் பெயராலேயே அது எஷெரிக்கியா கோலை, சுருக்கமாக ஈ.கோலை, எனப்படுகிறது. குடலில் இருக்கும் வரை அது பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. தோலின் வழியே நகர்ந்து நீர்த்தாரையினுள் புகுந்தால் நோயாகிறது. சாதாரணச் சிறுநீர்த் தொற்றுகளில் நான்கில் மூன்று பங்கிற்கும் குறையாமல் இக்கிருமியே காரணம்.

இவ்வுண்மையை நம் தாய்மார்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுகின்றோம். "வெளியிடத்துக் கழிப்பறைக்குப் போனால் நோய் ஒட்டிக்கொள்ளும்" என்ற அச்சம் நம் வீடுகளில் வேரூன்றியுள்ளது. கழிப்பறையின் இருக்கையிலிருந்து சிறுநீர்த் தொற்று வருவது மிக அரிது. நம் நாட்டு முறையில் குந்தியமரும் கழிப்பறையில் உடல் எதனையும் தொடுவதுகூட இல்லை. எந்தக் கழிப்பறைக்கு அஞ்சி நாள் முழுதும் அடக்குகிறோமோ, அக்கழிப்பறையைக் காட்டிலும் அந்த அடக்கமே மிகுதியான தீங்கை விளைக்கிறது.

அது எவ்வாறு எனில், ரயில்வே மக்களாகிய நமக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். நாள்தோறும் வண்டி ஓடும் தண்டவாளம் பளபளவென்று மின்னுகிறது. வண்டி ஓடாத பக்கத் தடம் துருவேறுகிறது. சிறுநீர்ப் பாதையும் அத்தகையதே. புகுந்த கிருமிகள் பெருகுவதற்கு முன்னரே நீரோட்டம் அவற்றை வெளியே அடித்துச் சென்றுவிடுகிறது. ஓட்டம் குறைந்து நீர் பையில் நெடுநேரம் தேங்கினால், அவை இரட்டித்து இரட்டித்துப் பெருகுகின்றன.

ஆகவே முதற்பழக்கம், தாகம் தீரத் தண்ணீர் பருகுதல். 2018-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வை இங்கே குறிப்பிடலாம். பல்கேரியா நாட்டில் அடிக்கடி இந்நோய்க்கு ஆளான பெண்கள் 140 பேரைத் தேர்ந்தனர். அவர்கள் யாவரும் குறைவாக நீர் அருந்தும் பழக்கமுடையவர்கள். ஒரு பாதியினரை நாள்தோறும் வழக்கத்தினும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகத் தண்ணீர் அருந்தச் செய்தனர். மறுபாதியினரை வழக்கம்போல் விட்டனர். ஓராண்டு முடிவில் மறுபாதியினர்க்குச் சராசரியாக 3.2 முறை நோய் கண்டது. கூடுதலாக அருந்தியவர்க்கு 1.7 முறையே கண்டது. விலையில்லாத் தண்ணீர் நோயை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது.

எவ்வளவு அருந்துவது என்பதற்கு அளவுகோல் நம்மிடமே உள்ளது. சிறுநீர் வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருந்தால் போதிய நீர் அருந்தியுள்ளோம். அடர்ந்த மஞ்சளாக இருந்தால் போதவில்லை. வளர்ந்தோர்க்குப் பொதுவாக நாளொன்றுக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் வேண்டும். வங்காளத்துக் கோடையில், பணிமனையில் உலை அருகே நிற்பவர்க்கும், தடத்தில் வேலை செய்பவர்க்கும், அடுப்பங்கரையில் வேர்ப்பவர்க்கும் அதனினும் மிகுதியாக வேண்டும். நீர்மோர், நீராகாரம், இங்கே 'டாப்' என்று கூவி விற்கும் இளநீர் ஆகியவையும் நல்லனவே. ஆயின் இதய நோயோ சிறுநீரக நோயோ உடையவர்க்கு மருத்துவர் தண்ணீரை அளவிட்டுக் கொடுத்திருக்கக்கூடும். அவர்கள் அவ்வளவையே பின்பற்றல் வேண்டும்.

இரண்டாம் பழக்கம், வந்த சிறுநீரை அடக்காதிருத்தல். விழித்திருக்கும் பொழுதில் மூன்று, நான்கு மணிக்கு ஒரு முறையேனும் கழித்தல் நன்று. அவசரமாக எழாமல், முற்றும் வடியும் வரை அமைதியாக அமர்ந்திருத்தலும் வேண்டும். குழந்தைகள் விளையாட்டின் ஆர்வத்தில் மறந்துவிடுவர்; அவர்களை நினைவூட்டி அனுப்புதல் பெற்றோர் கடமை.

மூன்றாம் பழக்கம், கழுவும் முறை. மலம் கழித்த பின் முன்னிருந்து பின்னோக்கியே கழுவவும் துடைக்கவும் வேண்டும். பின்னிருந்து முன்னோக்கிக் கழுவினால் குடற்கிருமியை நாமே வாயிலுக்குக் கொணர்ந்தவர் ஆவோம். பெண் குழந்தைகளுக்குக் கழுவிவிடும் தாய்மார்கள் இதனை முதல் நாள் தொட்டே கைக்கொள்வார்களாக. குழந்தை தானே கழுவக் கற்கும்பொழுது, எழுத்துக் கற்பிப்பதுபோல் இதனையும் கற்பிக்க வேண்டும்.

நான்காவது, மிகையான தூய்மையைத் தவிர்த்தல். மறைவிடத்திற்குத் தண்ணீரே போதும். மணச் சோப்புகளையும் கிருமிநாசினித் திரவங்களையும் உள்ளே செலுத்திக் கழுவுவது கேடு. அங்கே இயல்பாகவே வாழ்ந்து நமக்குக் காவலாயிருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அதனால் மடிகின்றன. காவலர் அகன்றதும் பகைவர் புகுகின்றனர். மாதவிலக்கு நாள்களில் அணையாடையை நான்கு முதல் ஆறு மணிக்கு ஒரு முறை மாற்றுதலும், துணியாயின் நன்கு துவைத்து வெயிலில் உலர்த்துதலும் வேண்டும். கூச்சத்தால் இருளில், கட்டிலுக்கடியில் உலர்த்துவதை விட்டொழிக்க வேண்டும். ஈர ஆடையில் நெடுநேரம் இருத்தலாகாது. காற்றோட்டமுள்ள பருத்தி உள்ளாடை உகந்தது.

ஐந்தாவது, மலச்சிக்கலைப் போக்குதல். குடலில் மலம் இறுகித் தேங்கினால் அது சிறுநீர்ப்பையை நெருக்கி, முற்றும் வடியவிடாது தடுக்கும். குழந்தைகளுக்கு அடிக்கடி தொற்று வருவதற்கு இஃது ஒரு முக்கிய காரணம். கீரை, காய்கறி, பழம், தண்ணீர் ஆகியவையே இதற்குரிய எளிய மருந்து.

ஆறாவது, இல்லறத்தார்க்கு உரியது. சபையடக்கத்துடன் ஒரு சொல்லில் முடிக்கின்றோம். தாம்பத்திய உறவுக்குப் பின் பெண்கள் விரைவில் சிறுநீர் கழித்துவிடுதல் நன்றென்பது மருத்துவர்களின் அறிவுரை. புதிதாக மணமான பெண்களுக்கு இந்நோய் வருவதுண்டு. அதனை வெளியே சொல்ல நாணி, தனிமையில் அழும் பெண்கள் உள்ளனர். மூத்த தாய்மார்கள் அவர்களைக் கேலி செய்யாது, ஆதரவோடு கேட்டறிந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

சிலருக்குத் தனிக் கவனம் வேண்டும். கருவுற்ற தாய்மார்களுக்கு எரிச்சலோ வலியோ இன்றியே சிறுநீரில் கிருமி வளர்ந்திருக்கக்கூடும். அதனைக் கவனியாது விட்டால் சிறுநீரகத் தொற்றும், குறைமாதப் பேறும் நேரலாம். ஆதலின் மருத்துவர் கேட்கும் சிறுநீர்ப் பரிசோதனையை வீண் செலவென்று தள்ளாதீர்கள். கைக்குழந்தைக்குச் சளியோ இருமலோ இன்றிக் காய்ச்சல் மட்டும் வருமாயின், அது சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம். நீரிழிவு உடையவர்களுக்கு இந்நோய் எளிதில் வரும். அவர்களுக்குச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தலும் ஒரு தடுப்பு முறையே. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு உடலில் நேரும் மாறுதலால் தொற்று மீண்டும் மீண்டும் வரலாம். அதற்குத் தனி மருத்துவம் உண்டு, கேட்டுப் பெறலாம். ஆடவர்கள் தமக்கு இப்பேச்சு உரியதன்று என எண்ணற்க. முதுமையில் ஆண்சுரப்பி பருத்து நீர் தடைப்பட்டால், பையில் எஞ்சும் நீரில் கிருமி வளரும். சொட்டுச் சொட்டாகக் கழிவதை வயதின் இயல்பு என்று வாளாவிருத்தல் கூடாது.

இனி, நம் போன்ற புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். அதுதான் ஊர்ப்பயணம். ஹௌராவிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். ஒரு பகலும் ஓர் இரவும் வண்டியிலேயே கழிகின்றன. தஞ்சைக்கோ நெல்லைக்கோ போவோர்க்கு மேலும் ஓர் இரவு. கோடை விடுமுறையில், ஆண்டின் கொடிய வெப்பத்தில்தான் நாம் போகின்றோம். நம் வீட்டுப் பெண்கள் புறப்படும் நாள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகின்றனர். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டி எடுத்து, பிள்ளைகளுக்கும் கணவன்மார்க்கும் நீர் ஊற்றிக் கொடுத்து, தாம் மட்டும் உதட்டை நனைத்துக்கொள்கின்றனர். ஊர் சேர்ந்த மறுநாள் எரிச்சலும் காய்ச்சலும் வந்தால், "ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்கிறோம். குற்றம் ஊர்த் தண்ணீரின் மேல் இல்லை. வழியில் அருந்தாத தண்ணீரின் மேல்தான் உள்ளது.

வண்டியில் கழிப்பறை என்பதே எளிதில் வந்ததன்று. 1909-ஆம் ஆண்டில், நம் வங்காளத்து அகமத்பூர் நிலையத்தில் ஒகில் சந்திர சென் என்னும் பயணி வெளிக்குப் போயிருந்த நேரத்தில், கார்டு ஊதல் ஊதி வண்டியை விட்டுவிட்டார். பலர் காண இழிவுற்று நின்ற அவர், சாகிப்கஞ்ச் கோட்ட அலுவலகத்திற்குக் கொச்சை ஆங்கிலத்தில் ஒரு முறையீடு எழுதினார். அக்கடிதத்தைப் புது டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் வைத்துள்ளனர். கீழ்வகுப்புப் பெட்டிகளிலும் கழிப்பறை அமைவதற்கு அம்முறையீடே தூண்டுதலாயிற்று என்று ரயில்வேயில் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். வண்டியை ஓட்டுபவர்க்கோ மேலும் நூறாண்டு சென்றது. 2016-ஆம் ஆண்டில்தான் கழிப்பறை பொருத்திய என்ஜின் நம் நாட்டில் ஓடத் தொடங்கிற்று. அந்தப் பயணி வெட்கத்தை ஒதுக்கி எழுதியிராவிட்டால் அவர் முறையீடு எவர் காதையும் எட்டியிராது என்பதை நினைவில் வைப்போமாக.

ஆகவே பயணத்தில் தண்ணீரைக் குறைக்காதீர்கள். ஒரு சிறு குவளையும், சோப்புத் துண்டும், ஒரு புட்டி நீரும் தனியே ஒரு பையில் இருக்கட்டும். முதலில் நீரூற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள். கைகளை நன்கு கழுவுங்கள். ஆடவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரவில் மனைவியோ மகளோ எழுந்தால், உறங்குவதுபோல் பாவனை செய்யாது, உடன் சென்று கதவருகே காவல் நில்லுங்கள். துணையில்லை என்பதனாலேயே விடியும் வரை அடக்கிக்கொண்டு படுத்திருக்கும் பெண்கள் எத்தனையோ பேர்.

இவ்வளவு காத்தும் நோய் வந்துவிட்டால் செய்யத்தக்கது யாது? கழிக்கும்பொழுது எரிச்சல், அடிக்கடி போகவேண்டும் என்ற உணர்ச்சி, போனாலும் சிறிதே வருதல், அடிவயிற்றில் வலி, நீரில் குருதி ஆகியவை முதல் அறிகுறிகள். இவை கண்டவுடன் மருத்துவரைக் காணுங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்புற வலி, வாந்தி ஆகியவை சேர்ந்தால் ஒரு பொழுதும் தாமதிக்கலாகாது. நாம் தாமதித்தது நான்கு நாள். குழந்தைகளுக்குத் தாமதத்தால் சிறுநீரகத்தில் நிலையான வடு ஏற்படவும் கூடும். எம் மகள் தப்பினாள். அது எமது அறிவால் அன்று.

பரிசோதனைக்கு நீர் கொடுக்கும் முறையும் அறியத்தக்கது. மருந்து தொடங்குவதற்கு முன்னரே கொடுக்க வேண்டும். முதலில் வரும் நீரை விட்டுவிட்டு, இடையில் வருவதைத் தூய குப்பியில் பிடித்து, காலம் தாழ்த்தாது சேர்ப்பிக்க வேண்டும். ஊறுகாய் இருந்த புட்டியில் கொண்டுபோனால், விடையும் அதற்கேற்பவே இருக்கும்.

வெந்தயமும், வாற்கோதுமைக் கஞ்சியும், வாழைத்தண்டும் உண்பதற்கு நல்லவை; கஞ்சி உடலில் நீரைச் சேர்க்கும். ஆனால் வளர்ந்துவிட்ட கிருமியை அவை அழிப்பதில்லை. பெருவிரற் சுண்ணாம்பு அதனைத் தீண்டுவதே இல்லை. திருக்குறளில் 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரம், நோயின் காரணத்தைக் கண்டு அதற்கேற்ப மருத்துவம் செய்யச் சொல்கிறது. நாம் காரணத்தைக் காணாது காலவிரலைக் கண்டோம்.

அதனினும் பெரிய பிழை, மிஞ்சிய மாத்திரையைக் கொடுத்தது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் குறைந்த அளவில் உட்கொண்டால் வலிமை குன்றிய கிருமிகள் மடிந்து, வலியவை எஞ்சி, அம்மருந்துக்கு அடங்காதவையாகப் பெருகும். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945-ஆம் ஆண்டில் நோபல் உரையிலேயே இவ்வாறு எச்சரித்தார். எம் மகளுக்கு வழக்கமான மருந்து பயன்படவில்லை. வேறு மருந்தைத் தேட நேர்ந்தது. சில வலிய மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்றும், விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்க வேண்டும் என்றும் 2014-ஆம் ஆண்டு முதல் 'ஹெச்1' என்னும் அட்டவணையில் விதி உள்ளது. கடைக்காரர் விதியை மறந்தாலும் நாம் மறக்கலாகாது. மருத்துவர் குறித்த நாள் வரை உட்கொள்ளுங்கள். பிறர் சீட்டில் எழுதிய மருந்தை வாங்காதீர்கள். மிஞ்சியதைச் சேமித்து வைக்காதீர்கள்.

இறுதியாக, வீட்டுக்கு வெளியே நாம் செய்யத்தக்கதைச் சொல்லி முடிக்கின்றோம். மருத்துவமனையிலிருந்து திரும்பிய மகளிடம், "ஏனம்மா பள்ளியில் போகவில்லை?" என்று கேட்டோம். "தாழ்ப்பாள் இல்லை அப்பா, தண்ணீரும் வராது" என்றாள். இரண்டு வாக்கியங்கள், இரண்டு ஆண்டுகளாக எவரும் கேளாதவை. பெற்றோர் ஐவர் சேர்ந்து பள்ளித் தலைமையைக் கண்டோம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்று விதித்திருப்பதைப் பணிவோடு நினைவூட்டினோம். இரு வாரத்தில் தாழ்ப்பாள் வந்தது. தண்ணீர் எல்லா நாளும் வருவதில்லை, மீண்டும் போவோம். உங்கள் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளுக்கு நீங்களும் போக வேண்டும்.

பிறரைக் கேட்குமுன் நம்மையும் கேட்டுக்கொள்ளல் அறம். இம்மண்டபத்தின் பின்கட்டில் பெண்களுக்கென்று கட்டிய கழிப்பறை ஒன்று உண்டு. அதன் கதவில் பூட்டுத் தொங்குகிறது. உள்ளே பந்திக்குச் சமைக்கும் அண்டாக்களும், பந்தற் கயிறுகளும், பழைய மேடைத் திரைகளும் அடுக்கியுள்ளன. அவ்வாறு அடுக்குவதென்று முடிவு செய்த செயற்குழுவில் நாமும் ஓர் உறுப்பினர், கையொப்பமும் இட்டுள்ளோம். இன்று காலை ஒன்பது மணி முதல் இங்கே கோலமிட்டு, பிள்ளைகளை ஒப்பனை செய்து, பந்தி பரிமாறி அமர்ந்துள்ள தாய்மார்கள் எங்கே போயிருப்பார்கள் என்று அன்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை. தண்ணீர் குடியாதிருந்திருப்பார்கள்.

அண்டாக்களுக்கு எம் இல்லத்துத் திண்ணையில் இடம் தருகின்றோம். ஒரு விளக்கு, உறுதியான ஒரு தாழ்ப்பாள், ஒரு வாளி, ஒரு குவளை, சோப்பு, மூடியுள்ள ஒரு குப்பைத் தொட்டி ஆகியவை இருந்தால் அவ்வறை மீண்டும் பயன்படும். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதனை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியுள்ளோம். தலைவர் அவர்களும் உறுப்பினர்களும் ஆதரவளிக்க வேண்டுகின்றோம். அதுவரை, மண்டபத்தை அடுத்துள்ள எம் வீட்டின் கதவு இன்று இரவு விழா முடியும் வரை திறந்திருக்கும். தாய்மார்கள் தயங்காது வரலாம். எம் மகள் வாயிலில் இருப்பாள்.

மாணவச் செல்வங்களே, நாளைக் காலை பள்ளிக்குக் குப்பியில் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். மாலையில் வெறுங்குப்பியோடு திரும்புங்கள். பெற்றோர்களே, குப்பி நிறைந்து வந்தால் செடிக்கு ஊற்றுமுன் காரணத்தைக் கேளுங்கள்.